சகாதேவன் அறுத்த வாசற்படி

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதுவீடுகள் வந்துகொண்டிருக்கும் பக்கம் என் வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல் கம்பி, மாடிக்கு ஷீட் போடுவது, இதுதான் வேலை. கிரைண்டர், டிரில்லிங் மிஷின் எல்லாம் நாள் வாடகைக்கும் விடுவேன். தொழில்காரன் வந்து கேட்டால் மிஷினை எடுத்துக் கொடுத்துவிடுவேன். வீட்டுக்காரர் வந்து கேட்டால், எதை அறுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும். விரல் போன பிறகு என் பட்டறை வாசலில் வந்து நிற்பதைவிட அது மேல்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தண்ணி கேன் சகாதேவன் வந்தார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் கேன் போடுகிறார். டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இளவரசு, ஒரு கிரைண்டர் வேணும். நாளைக்குச் சாயந்திரம் குடுத்துடறேன்."

"இன்னா அறுக்கப் போறீங்கணா?"

சகாதேவன் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாசப்படி."

என்னோடு வேலை செய்யும் மாறன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு முகமூடியை மேலே தூக்கிப் பார்த்தான். "ஆடி மாசத்துலயாணா?" என்றான்.

"ஆமாம்டா. ஆடி மாசத்துலதான்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சகாதேவனுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டு கூடத் தேறாது என்று இவர் சின்ன வயதிலேயே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். லாட்ஜில் பெட்டி தூக்கினார். பிறகு மூன்று சக்கர வண்டியில் தண்ணி கேன், அதற்கப்புறம் டிவிஎஸ். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றும். அன்றைக்குத்தான் தண்ணிக்குக் கிராக்கி. அதனால் இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவர் பௌர்ணமி கிரிவலம் போனது கிடையாது. கேட்டால், "கேன் எடுத்துக்கினு பாதி மலைய நான் தெனம் சுத்தறேன்" என்பார்.

யாரையும் வேலைக்குக் கூப்பிட மாட்டார். குழாய் ஒழுகினாலும் சரி, ஓடு உடைந்தாலும் சரி, அவரே ஏறுவார். வீடு கட்டும்போது கொத்தனாரோடு சித்தாள் மாதிரி கூட நின்று கட்டினார். வாசற்படிக் கல்லை அவரே குவாரிக்குப் போய்ப் பார்த்து எடுத்தார். கருங்கல். அதை வண்டியில் வைத்து அவர் மிதிக்க, பின்னால் அவர் சம்சாரம் ராஜம்மாள் அக்கா தள்ளிக்கொண்டு வந்ததை அந்தத் தெருவில் பழைய ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் கல்லுக்கு அடியில் நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் போட்டுத்தான் பதித்தார்கள். அன்றையிலிருந்து, நடமாட்டம் இருந்த வரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராஜம்மாள் அக்கா அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க ஜனம் வரும். அன்றைக்கு அக்கா கேட்டுக்கு எதிரே மரத்தடியில் இட்லி போடுவார். மனு எழுதத் தெரியாமல் முழிக்கிறவனுக்கு யாரிடம் போய் எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இட்லி கேட்டு அவசரப்பட்டால், "கலெக்டரே பொறுமையா இருக்காரு, உனக்கு இன்னா?" என்பார். திங்கட்கிழமை என்றால் அவர் முகமே வேறு மாதிரி இருக்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. கால் கட்டைவிரலில் ஒரு புண். அது ஆறவில்லை. மாசி மாதம் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீல்சேரில் வீட்டுக்கு வந்தார். வெளியே தெருவிலிருந்து ஏறுவதற்கு சகாதேவன் சிமெண்டில் சரிவு போட்டிருந்தார். அதில் வண்டி நன்றாக ஏறியது. ஏறி வந்து படிக்கல்லில் முட்டி நின்றது. ஐந்து விரல் உயரம் அது. உள்பக்கம் கதவு திறக்கும் இடம் என்பதால் அங்கே சரிவு கட்ட முடியாது. நான் இரும்புத் தகட்டில் எடுத்து வைக்கிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். அது உள்ளே தரையில் வழுக்கியது. சேர் சாய்ந்ததும் அக்கா அலறிவிட்டார். தகட்டை அன்றைக்கே நான் திருப்பி எடுத்துவந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சகாதேவன் அக்காவைத் தூக்கிக்கொண்டு படியைத் தாண்டுவார். கேன் தூக்கித் தூக்கி ஏற்கெனவே தேய்ந்த இடுப்பு. ஒரு நாள் படியில் கால் இடறி இரண்டு பேரும் விழுந்தார்கள். எடுத்த காலின் முனை கல்லில் இடித்தது. அன்றையிலிருந்து அக்கா வாசலுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினார். அக்கா உள்ளே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். கேன் லோடு இறக்க வருகிற பையன்களிடம்கூடப் பேசுவதில்லை.

பெண் அருணாதேவி ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். போனில் சொன்னாளாம், "அக்கம்பக்கத்துல நாலு பேரக் கூப்புட்டு சேரோட தூக்கச் சொல்லும்மா."

அதற்கு அக்கா சொன்ன பதிலை சகாதேவன்தான் என்னிடம் சொன்னார்.

"நாலு பேரு தூக்கி இந்தப் படியத் தாண்டறது ஒரு தடவதான். அத இப்பவே பண்ணச் சொல்றியா?"

அந்த நேரத்தில்தான் செயற்கைக் கால் அளவெடுக்க கலெக்டர் ஆபீஸில் கேம்ப் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஆள் நேரில் வர வேண்டும். யாரையும் கூப்பிடாத சகாதேவன் கொத்தனார் முருகவேலைப் போய்ப் பார்த்தார். முருகவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, செவுத்த இடிக்கச் சொல்லு, இடிக்கிறேன். ஆடில வாசப்படி மேல கை வெக்க மாட்டேன். ஆவணி பொறக்கட்டும்." கேம்ப் ஆவணிக்குக் காத்திருக்காது. இன்னும் ஒரு ஆளைக் கேட்டார். அவனும் அதையேதான் சொன்னான்.

கடைசியில், "நானே அறுக்கறேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படிய அறுத்துட்டுப் போயி கால் வாங்கணுமா?"

"அந்தக் கல்ல வெச்சது நான். எடுக்கறதும் நான். பாவம் வந்தா என் தலைல வரட்டும்."

அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை அக்கா சேரிலிருந்து தரையில் இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்திருக்கிறார். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டு, "புதன்கிழம அறு. செவ்வாய் வெள்ளில தொடாத" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவர் என் பட்டறை வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

நான் மூன்று வீலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வீட்டு வேலைக்குக் கேட்டு வருகிற எல்லாருக்கும் இதைச் செய்வேன்.

"இது கறுப்பு, மெல்லிசு. இரும்பு அறுக்கறது. கல்லுல வெச்சா தேஞ்சு போவும், மாட்டிக்கினா ஒடையும். இது தடிப்பு. தேய்க்கறதுக்கு மட்டும்தான், அறுக்கறதுக்கு இல்ல. மெல்லிச வெச்சுத் தேய்க்கவும் கூடாது. இது டயமண்டு பிளேடு. ஓரத்துல விட்டு விட்டு வெட்டு இருக்குது பாருங்க, இதான் கருங்கல்லுக்கு. ஓரம் வழவழன்னு ஒரே வட்டமா இருந்தா அது டைல்ஸுக்கு."

"எங்கிட்ட கல்லு அறுக்கற வீல் ஒண்ணு இருக்குது. வூடு கட்டறப்ப வாங்கினது" என்றார் சகாதேவன்.

"அது எந்தக் காலத்து வீலு? வேணாம்ணா. இத எடுத்துக்கினு போங்க."

தலையாட்டினார். நாலு இஞ்சு மிஷினில் டயமண்டு பிளேடை மாட்டி, அதைப் பாதி மூடுகிற இரும்பு கார்டையும் முறுக்கி வைத்தேன். "இந்தக் கார்டக் கழட்டாதீங்க. லுங்கியோட நிக்காதீங்க, தோள்ல துண்டு கிண்டு வேணாம். பேண்ட் போடுங்க."

"பேண்ட்டு கடைசியா கல்யாணத்துக்குப் போட்டது."

"யார் கல்யாணத்துக்குணா?" என்றான் மாறன்.

"உன் கல்யாணத்துக்கு இல்ல. அது எப்ப நடக்குமோ."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் கிளம்பும்போது, "காலையில நான் வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க" என்று சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் அவர் தெரு முனை திரும்பும்போதே மிஷின் சத்தம் கேட்டது. எனக்குப் பிடிக்காத சத்தம். கிரைண்டர் சுற்றினால் ஒரே சீராக இரைய வேண்டும். இது அதிர்ந்து அதிர்ந்து இரைந்தது. வீல் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். வண்டியை வேகமாக விட்டேன். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, தகரத்தைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம்.

சகாதேவன் வாசலில் லுங்கியோடு நின்றிருந்தார். கையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வீலில் பாதிக்கு மேல் இல்லை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் தொடையில் லுங்கி கிழிந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா உள்ளே கதவை ஒட்டி சேரில் உட்கார்ந்திருந்தார். கதவுப் பலகையில், அவர் தலை இருந்த உயரத்துக்கு, ஒரு துண்டு வீல் குத்திக்கொண்டு நின்றது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் கண்ணிலோ நெற்றியிலோ இருந்திருக்கும்.

உடைந்த வீலின் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. படிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கரி, வெற்றிலை. அதற்குப் பக்கத்தில் நான் முறுக்கி வைத்த கார்டு கழற்றிப் போடப்பட்டிருந்தது. நான் மாட்டிக் கொடுத்த டயமண்டு பிளேடும் கழற்றப்பட்டு, மேலே ஒட்டிய காகிதம்கூடக் கலையாமல் கிடந்தது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"படிக்கு இஷ்டம் இல்ல. மிஷின எடுத்துக்கினு போ தம்பி. இந்தாய்யா, கதவச் சாத்து."

சகாதேவன் அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை கேம்ப். அது போய்விட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மிஷினைத் தரையில் வைத்து, நட்டைக் கழற்றி, மிச்சம் இருந்த வீலை எடுத்தேன். அஞ்சு இஞ்சு வீல் அது. நாலு இஞ்சு மிஷினின் கார்டுக்குள் போகாது. அதற்காகத்தான் கார்டைக் கழற்றியிருக்கிறார். நடு ஓட்டையும் பெரிசு. ஓட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடைத்திருந்தார். அதனால்தான் அதிர்ந்திருக்கிறது. எவ்வளவு சுற்று வேகம் தாங்கும் என்று வீல்மேல் எழுதியிருக்கும். அதைப் படிக்க முடியவில்லை. சந்தனம் காய்ந்து அடை அடையாக ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சாமி அலமாரில" என்றார் சகாதேவன். "வூடு கட்டி முடிச்சதும் அங்க வெச்சோம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதுக்கும் பொட்டு வெச்சுப் படைப்போம். இந்த வூட்டக் கட்டுனது இதுதான், அறுக்கறதா இருந்தா இதுவே அறுக்கட்டும்னு அவதான் சொன்னா. எனக்கும் அது சரின்னு பட்டுது."

நடுவில் இருக்கும் தகர வளையத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன். மாதமும் வருடமும் அச்சடித்திருந்தது. கல்லறுக்கும் இந்த வகை வீல் எதிலும் அது இருக்கும். அந்தத் தேதிக்கு மேல் அதை மாட்டக் கூடாது. பலசரக்குக் கடையில் பிஸ்கட்டுக்குத் தேதி பார்க்கிறவர்கள் இதற்குப் பார்ப்பதில்லை.

"எங்க குடு" என்று அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அருணாதேவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துத் தேதி.

"இதுல இன்னா இருக்குது, கெட்டுப் போறதுக்கு? கல்லு மாதிரிதான இருக்குது?"

"மணலு மாதிரி பொடி அக்கா, அதப் பிசின்ல கொழைச்சு, வலை வெச்சு அழுத்தினது. பிசின்தான் புடிச்சுக்கினு இருக்குது. நாளானா பிசின் விட்டுப் போவும். ஈரம் பட்டா இன்னும் சீக்கிரம் விட்டுப் போவும்."

"மஞ்சத்தண்ணி பட்டாலும்?"

"எந்தத் தண்ணி பட்டாலும்தான்."

அக்கா வீலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் நான்தான தெளிச்சேன்" என்றார்.

"நீ இன்னா பண்ணுவ, உனக்கு எப்பிடித் தெரியும்" என்றார் சகாதேவன்.

"நீ வாய மூடு. தொடைல ரத்தம் வருது பாரு. போயிக் கழுவிக் கட்டு."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. அக்கா சேரைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, குனிந்து படியைப் பார்த்தார். கல்லில் வீல் பட்ட இடத்தில் மஞ்சள் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது.

"ஒரு கீறல் கூட வுழல" என்றார். பிறகு கதவில் குத்தியிருந்த துண்டை நிமிர்ந்து பார்த்தார். "வெடிச்சது வீலு. கல்லு சும்மாதான் கெடக்குது. அதுமேல ஏன் பழியப் போடணும்."

நான் கீழே சிதறியிருந்த வீல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

சகாதேவன் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அக்கா அவரைப் பார்க்காமலே பேசினார்.

"தம்பி குடுத்த பிளேட மாட்டி அறு."

"நெஜமாதான் சொல்றியா?"

"எத்தன தடவ சொல்லணும்?"

"பொட்டு?" என்று தயங்கிக் கேட்டார். பொட்டு வைக்காத கருவியை அந்த வீட்டில் யாரும் தொட்டது கிடையாது.

"பிளேடுல வேணாம். ஓடறப்ப மூடிக்கினு இருக்குமே, அந்த இரும்பு. அதும்மேல வெக்கிறேன்."

கார்டை மாட்டி, பிளக் போடாமல் மிஷினைத் தூக்கி அக்கா மடியில் வைத்தேன். ஒரு விரலால் கார்டின்மேல் குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். அதற்கப்புறம் சேரைத் தானே திருப்பி, பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நான் அறுத்துத் தருகிறேன் என்று சகாதேவனிடம் சொன்னேன். தொடையில் காயம் வேறு. அவர் கேட்கவில்லை. "நான் வெச்ச கல்லு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் சொல்கிறபடிதான் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பேண்ட். அது இடுப்பில் பூட்டவில்லை. கயிறு போட்டுக் கட்டினார். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காதில் பஞ்சு. கருங்கல் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. அதனால் உள்பக்கம் ஈரச்சாக்கைத் திரை மாதிரி கட்டினோம். மிஷினைச் சும்மா ஒரு நிமிடம் ஓட விட்டேன், யாரும் அதற்கு நேரே நிற்காமல். இரைச்சல் சீராக இருந்தது.

"பக்கவாட்டுக் கைப்பிடி ஒரு கை, மிஷின் ஒரு கை. பிளேடு நேரா உங்க ஒடம்புக்கு வரக்கூடாது, ஒரு பக்கமா நில்லுங்க. அழுத்தாதீங்க. மிஷின் தானா அறுக்கும். ஒரே மூச்சுல ஆழமாப் போவாதீங்க. உள்ள வெச்சுத் திருப்பாதீங்க, புடிச்சுக்கினு எகிறும்."

முதல் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. இரண்டாவது கோடு நேராக வந்தது. இப்படி விரல் விரல் இடைவெளியில் வரிசையாகக் கோடு போட்டு, நடுவில் நிற்கும் சில்லுகளை உளியால் தட்டி எடுத்தோம். பிறகு அதற்குக் கீழே மறுபடியும் கோடு. பிளேடு சூடேறினால் கல்லிலிருந்து வெளியே எடுத்துச் சும்மா ஓட விட்டு ஆற வைத்தோம். தூசி அடங்கத் தண்ணி தெளிக்க வேண்டும் என்றால் மிஷினை நிறுத்தி, பிளக்கை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுத்தான்.

நடுவில் கரண்ட் போனது. மிஷின் நின்றதும் சகாதேவன் அதை அப்படியே கீழே வைக்கப் போனார். சுவிட்ச் அழுத்தின நிலையில் பூட்டியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துச் சுவிட்சை விடுவித்து, பிளக்கையும் எடுத்தேன். கரண்ட் திரும்பி வரும்போது இது தரையில் தானாக ஓட ஆரம்பித்தால் யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். இந்தத் தடவை காதில் வாங்கித் தலையாட்டினார்.

வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "ஆடியில இதுங்களுக்கு இன்னா வந்துச்சு" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனது. சகாதேவனுக்குக் காதில் பஞ்சு. நான் மட்டும்தான் கேட்டேன்.

கல்லை முழுசாக எடுக்கவில்லை. சேர் போகிற அகலத்துக்கு மட்டும் நடுவில் தரைமட்டத்துக்கு இறக்கினோம். இரண்டு ஓரத்திலும் கல் பழையபடி நின்றது. அடியில் இருந்த தானியத்தையும் காசையும் தொடவில்லை. கடைசியில் கல் தேய்க்கிற கப் வீலை மாட்டி விளிம்பைக் கை கிழிக்காத அளவுக்கு மழுக்கினோம். வெயில் இறங்கிவிட்டது. சகாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் முகம் தெரிந்தது, மற்றதெல்லாம் வெள்ளை.

அக்கா அன்றைக்கு வந்து பார்க்கவில்லை. மறுநாளும் வரவில்லையாம். சகாதேவன் கேன் இறக்கும்போது என்னிடம், "திங்கக்கெழம வருவாளான்னு எனக்கே தெரியல" என்றார்.

திங்கட்கிழமை பட்டறையை மாறனிடம் விட்டுவிட்டு நானும் போனேன். அக்கா நல்ல புடவை கட்டி, தலை வாரி, சேரில் உட்கார்ந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும் சகாதேவன் பின்னால் கைப்பிடியைப் பிடித்தார்.

"கைய எடு" என்றார் அக்கா.

இரண்டு பக்கமும் நிலையைத் தொட்டார். அறுத்த இடத்தைப் பார்த்தாரா, தெருவைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு சக்கரத்தையும் தானே தள்ளினார். ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் சேர் வெளியே வந்தது. சகாதேவன் போய், வழியை மறைக்காமல் ஓரமாக நின்றிருந்த டிவிஎஸ்ஸைத் தேவையில்லாமல் இன்னும் தள்ளி நிறுத்தினார். திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கேம்பில் நல்ல கூட்டம். அக்கா முறை வந்தது. அளவெடுக்கிற பையன் கட்டை அவிழ்த்து, முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரியாதையான பையன்.

"அம்மா, ஓரத்துல இன்னும் காயல. இதுமேல கால் மாட்டினா மறுபடியும் புண்ணாயிடும். நல்லா ஆறட்டும். அடுத்த கேம்புக்கு வாங்க, அளவெடுத்துடலாம்."

சகாதேவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அத்தனையும் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

அக்கா புடவையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "சரிங்க தம்பி, வர்றேன்" என்றார், கடையில் சாமான் இல்லை என்றால் சொல்கிற மாதிரி.

வெளியே கேட்டுக்குப் பக்கம் வந்ததும் சேரை நிறுத்தச் சொன்னார். எதிரே அவர் இட்லி போட்ட மரம். அங்கே இப்போது ராணியம்மாள் என்று ஒரு அம்மா சுண்டலும் வடையும் விற்கிறார். முன்னே இவருக்குப் பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவர். ராணியம்மாள் கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார்.

"இன்னாடி ராஜம், உசுரோடதான் இருக்கியா?"

"செத்திருந்தா உனக்குச் சொல்லாம இருப்பாங்களா? கடன் வாங்கியாவது மால போட்டிருப்பியே."

"கால்?"

"ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்குது. வடை ஏன் இப்பிடிக் கறுத்துப் போயிருக்குது? தீயக் கொற."

ராணியம்மாள் நகர்ந்து இடம் விட்டார். சகாதேவன் சேரை மரநிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். மனு எழுதத் தெரியாமல் ஒரு கிழவர் காகிதத்தோடு நின்றிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு எந்த ஊர், என்ன விஷயம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நான் பட்டறைக்குத் திரும்பினேன். சகாதேவன் இரண்டு தெருவுக்குக் கேன் போட்டுவிட்டு சாயந்திரம் அக்காவைக் கூட்டிவரப் போயிருக்கிறார். ஆபீஸ் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்களாம். ராணியம்மாள் கடையை எடுத்துவிட்டார். அக்கா மட்டும் மரத்தடியில் சேரில் உட்கார்ந்து, பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா?" என்று சகாதேவன் கேட்டிருக்கிறார்.

"இரு. இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டும்."

அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.